எண்பது பொருட்களும் ஒரு வகுப்பறையும்: ஊர்க் கண்காட்சியை எங்கிருந்து தொடங்குவது?

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆண்டு விழாவோடு சேர்த்து எங்கள் ஊரைப் பற்றி நூதனசாலை மாதிரி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறோம். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எண்பதுக்கு மேற்பட்ட பழைய பொருட்களைச் சேர்த்துவிட்டார்கள். 20 அடிக்கு 25 அடி வகுப்பறை ஒன்றும் மூன்று மாதமும் இருக்கின்றன. காசு அதிகம் இல்லை. இதைத் திட்டமிடுவதை எங்கே, எப்படிப் படிப்பது?"

தங்கச்சி, முதலில் பொருள் சேர்ப்பதை நிறுத்துங்கள். எண்பது ஏற்கெனவே கூடுதல்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நான் முதன்முதலில் பொறுப்பெடுத்துச் செய்த கண்காட்சி வவுனியாவுக்கு வெளியே ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. நாலு சுவரோரமும் மேசை, மேசைக்கு வெள்ளைத் துணி, 140 பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'உலக்கை', 'சுளகு', 'கடகம்', 'கொத்து' என்று அழகாக எழுதிய அட்டை. ஒரு அம்மம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு சுற்று நடந்தார், நாலைந்து நிமிடம் இருக்கும். வாசலில் நின்ற என்னிடம், "இதெல்லாம் எங்கட அடுப்படிச் சாமான்தானே மோனை, இதைப் பாக்கவோ பஸ் ஏறி வந்தனான்?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். சுளகு என்னவென்று அவருக்குத் தெரியும். அதைக் காட்டி நான் என்ன சொல்ல வந்தேன் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தெரியாது.

ஆகவே கண்காட்சித் திட்டமிடலில் முதல் வேலை ஒரே ஒரு வசனம் எழுதுவது. தலைப்பு வேறு, வசனம் வேறு. 'எங்கள் ஊரின் வரலாறு' என்பது தலைப்பு. அதில் எழுவாய் மாதிரி ஏதோ இருக்கிறது, பயனிலை இல்லை. ஊர் என்ன செய்தது, ஊருக்கு என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. 'குளத்துத் தண்ணீரைப் பங்குபோடப் பழகியதால்தான் எங்கள் ஊர் நிலைத்தது' என்பது வசனம். இதைக் கேட்டதும் 'எப்படிப் பங்குபோட்டார்கள், யார் முடிவெடுத்தது, தண்ணீர் காணாத வருடம் என்ன செய்தார்கள்' என்று அடுத்தடுத்துக் கேள்வி எழும். அந்தக் கேள்விகள்தான் கண்காட்சியின் பகுதிகள். ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் ஒன்றாக இருந்து இந்த வசனத்தை எழுத வேண்டும். இரண்டு கிழமை போனாலும் பரவாயில்லை. இங்கே செலவழிக்கும் நேரம் பிறகு எல்லா இடத்திலும் மிச்சமாகும்.

குளத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊர்ப் பெயரே குளம்தான்: மாங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், பனிக்கன்குளம். கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்புகிறது, பாலியாறு வவுனிக்குளத்தை நிரப்புகிறது, இவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் குளங்கள் ஏராளம். துருசு, வான், அலைகரை, வாய்க்கால், காலபோகம், சிறுபோகம், குளக்கட்டுப் பிள்ளையார் என்று ஒரு குளத்தைச் சுற்றியே ஒரு அகராதி இருக்கிறது. அந்தச் சொற்களில் பாதி உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் ஊருக்கு வேறொரு வசனம் பொருந்தலாம். அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

வசனம் கிடைத்ததும் எண்பது பொருட்களையும் அதன் முன்னால் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். 'நீ இந்த வசனத்துக்கு என்ன சேர்க்கிறாய்?' என்று கேளுங்கள். பதில் இல்லாத பொருள் எவ்வளவு பழையதானாலும் இந்தமுறை வெளியே இருக்கட்டும். அந்த அறைக்கு இருபது, இருபத்தைந்து பொருள் தாராளம். அவசரப்பட்டும் ஒதுக்காதீர்கள், ஏனென்றால் பொருளின் பதில் பலமுறை அதன் உரிமையாளரிடம்தான் இருக்கும்.

இப்படித்தான் ஒரு ட்ரங்குப் பெட்டியை நான் ஒதுக்கப் பார்த்தேன். குளத்தைப் பற்றிய கண்காட்சியில் ட்ரங்குப் பெட்டிக்கு என்ன வேலை? நீலப் பூச்சு மூலைகளில் உரிந்து துரு தெரிந்தது. பூட்டு இருந்த இடத்தில் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூடியின் உள்பக்கம் ஒரு முருகன் கலண்டர்ப் படம், பசையால் ஒட்டியது, பாதி கிழிந்துவிட்டது. கொண்டுவந்த அம்மாவிடம் இதற்குள் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "காணிப் பெர்மிட், பிள்ளையளின்ர பிறப்புப் பத்திரம், பிறகு ஒரு பையில விதைநெல்லு" என்றார். 2008இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் தூக்கியது அந்தப் பெட்டியை மட்டும். இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டுபோய், செட்டிகுளம் முகாமுக்கும் கொண்டுபோய், 2010இல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். விதைநெல் வழியிலேயே சாப்பாடாகிவிட்டது. பெர்மிட் மிஞ்சியது. குளத்துக்குக் கீழே தன் காணி எது, எந்த வாய்க்காலில் தனக்குத் தண்ணீர் என்று அதைக் காட்டித்தான் மறுபடி பேச முடிந்தது. அந்தப் பெட்டியைத்தான் அறையின் நடுவில் வைத்தோம்.

அதற்கு நான் முதலில் எழுதிய அட்டை: 'ட்ரங்குப் பெட்டி. இரும்பு. 20ஆம் நூற்றாண்டு.' கடைசியில் வைத்த அட்டை இது: 'வீட்டைவிட்டு வெளிக்கிட ஒரு மணித்தியாலம் இருந்தது. காணிப் பெர்மிட்டையும் விதைநெல்லையும் இதற்குள் வைத்துக் கம்பியால் கட்டினேன். நெல் முடிந்துவிட்டது. பெர்மிட் இருக்கிறது.' அம்மா சொன்னதை அப்படியே எடுத்து, எழுத்துத் தமிழுக்கு மாற்றி, அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் அச்சடித்தோம். இதில் உறுதியாக இருங்கள். இடம்பெயர்வு, இழப்பு, காணாமல் போனவர்கள் பற்றிய பொருளோ படமோ வந்தால், உரிமையாளர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுச் சம்மதிக்க வேண்டும். கண்காட்சி நடக்கும்போதே 'எடுத்துவிடுங்கோ' என்று சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அட்டை எழுதுவது பற்றி இன்னும் சொல்ல வேண்டும், அதுதான் எல்லோரும் கடைசி இரவில் செய்யும் வேலை. ஒரு அட்டைக்கு ஐம்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். நின்றுகொண்டு வாசிப்பவருக்கு அதற்கு மேல் பொறுமை இராது. பொருளில் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள்: 'இந்தக் கம்பியைப் பாருங்கள்' என்றால் அவர் பெட்டியைப் பார்ப்பார், 'வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த' என்றால் அட்டையைத்தான் பார்ப்பார். எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (point) குறையக் கூடாது. தமிழுக்குச் சுழியும் கொம்பும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளி நன்றாக விடுங்கள். சத்தமாக வாசித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வசனத்தை வெட்டுங்கள்.

அட்டையில் பேசுவது யார் என்பதும் முக்கியம். கற்சிலைமடுவில் பிரித்தானியர் காலத்தில் நட்ட கல்லைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31இல் பண்டார வன்னியனை இந்த இடத்தில் தோற்கடித்தார் என்பதுதான் அதன் வாசகம். இடம், ஆள், நாள், வினை எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன. விளக்க அட்டையாகப் பார்த்தால் கச்சிதமானது. ஆனால் அதைப் பேசுவது வென்ற பக்கம். அதே இடத்தில் நின்று அதே நாளைப் பற்றி ஒரு வன்னிக் கமக்காரர் எழுதியிருந்தால் அந்த வரி எப்படி வந்திருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அட்டை எழுதப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். இதை இன்றைக்கே தொடங்குங்கள். தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று போதும். பொருளுக்கு ஒரு இலக்கம், உரிமையாளர் அதை எந்தப் பெயரால் அழைக்கிறார், யாருடையது, இரவலா அன்பளிப்பா, எங்கே உடைவு அல்லது வெடிப்பு இருக்கிறது, எந்த நாளில் திருப்பிக் கொடுப்போம். ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படம் எடுங்கள். உரிமையாளருக்குக் கையெழுத்திட்ட ரசீது கொடுங்கள். இலக்கத்தைப் பொருளின்மேல் பேனையால் எழுதவோ செலோடேப் ஒட்டவோ வேண்டாம். சின்ன மட்டைத் துண்டில் பென்சிலால் எழுதிப் பருத்தி நூலால் கட்டினால் பொருளுக்குச் சேதம் வராது.

கனடாவின் அரும்பொருள் பாதுகாப்பு நிறுவனம் (Canadian Conservation Institute) நூதனசாலைப் பொருட்களைக் கெடுக்கும் பத்துக் காரணிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. தீ, தண்ணீர், வெளிச்சம், பூச்சி, களவு எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு, பொருளும் அதன் விவரமும் பிரிந்துபோவதையும் ஒரு காரணியாகச் சேர்த்திருக்கிறார்கள். வன்னியில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பயம். எத்தனையோ வீடுகளில் பொருள் போய்விட்டது, கதை மட்டும் ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது. கதையை எழுதாமல் பொருளை மட்டும் வாங்கி வைத்தால் மிஞ்சியதையும் நாங்களே பிரித்துவிடுகிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் கண்காட்சிக்கென்று எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பித்தளைக் குடம் ஒன்றை வாங்கிப் போனது. ரசீது இல்லை, பதிவு இல்லை. குடம் திரும்பி வரவேயில்லை. அது அந்தப் பெரியவரின் தாயார் சீதனமாகக் கொண்டுவந்த குடம். அதன் பிறகு யார் போய்க் கேட்டாலும் அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் எதுவும் கொடுப்பதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் தொல்பொருளாகும். பிள்ளைகள் ஆர்வத்தில் காட்டுக்குள்ளும் குளக்கட்டிலும் பழைய செங்கல்லும் சுடுமண் துண்டும் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். தோண்டவும் எடுக்கவும் விடாதீர்கள். கண்ட இடத்தைக் குறித்து, படம் எடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கிடந்த இடத்திலிருந்து எடுத்த கணமே அந்தத் துண்டு சொல்லக்கூடியதில் பாதி போய்விடும். இன்னொன்று, மண்ணுக்குள் கிடக்கும் எந்த இரும்புச் சாமானையும் பிள்ளைகள் தொடக் கூடாது, அது வெடிக்காத குண்டாக இருக்கலாம். எங்கள் மண்ணில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

அறையை ஒழுங்குபடுத்துவதற்குக் கணினி தேவையில்லை. சதுரக்கோட்டுத் தாளில் ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று அறையை வரைந்து, மேசைகளையும் பொருட்களையும் அதே அளவில் மட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். கதவும் யன்னலும் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதையும் குறியுங்கள், அதை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் பலர். அப்புறம் விளையாட்டு மைதானத்தில் கயிற்றால் 20 அடிக்கு 25 அடி அறையை அடையாளமிட்டு, கதிரைகளைப் பொருளாக வைத்து, ஒரு வகுப்பை நடக்க விடுங்கள். எங்கே முட்டுப்படுகிறார்கள், எந்த மூலைக்கு ஒருவரும் போகவில்லை என்று உடனே தெரியும். பாதை நாலடிக்குக் குறையாமல் இருக்கட்டும். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வருபவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர், அவர்கள் திரும்பவும் இடம் வேண்டும். வாசலில் படி இருந்தால் பலகைச் சரிவு போடுங்கள். சுவரில் தொங்குவதன் நடுப்பகுதி பெரியவர்களுக்குத் தரையிலிருந்து 145 சென்ரிமீற்றர் அளவில் வரலாம், சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதை இன்னும் கீழே வையுங்கள். இரண்டு வாங்கு கட்டாயம் போடுங்கள். வயதானவர்கள் உட்கார்ந்தால்தான் பேசுவார்கள், அவர்கள் பேசினால்தான் கண்காட்சிக்கு உயிர் வரும்.

வெளிச்சமும் சூடும் பற்றிச் சுருக்கமாக. ஓலைச்சுவடி, பழைய படம், துணி, கடிதம் இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே நூதனசாலைகள் வைத்திருக்கும் எல்லை. யன்னல் வெயில் அதைவிட எத்தனையோ மடங்கு. யன்னலுக்குப் பழைய சேலையை இரட்டையாக மடித்துக் கட்டுங்கள். படத்தையும் கடிதத்தையும் ஸ்கேன் செய்து பிரதியை வையுங்கள், மூலத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்ததை, வீட்டுக்காரர் விரும்பினால், நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்கும் கொடுக்கலாம். கல், மண், இரும்புப் பொருட்களுக்கு வெளிச்சம் பெரிய பிரச்சினை இல்லை, இரும்புக்கு ஈரம்தான் எதிரி. தகரக் கூரை என்றால் சுவரோரம் நல்ல பொருளை வைக்காதீர்கள். மரச் சாமானைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வைத்தால் கறையான் ஏறும்போதே கண்ணில் படும். சின்ன மரப் பொருளில் பூச்சித் துளையிலிருந்து புதுத் தூள் கொட்டினால், பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆழ்குளிரூட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள்.

பொருட்களுக்கு நடுவே சத்தமும் வேண்டும். நான் இரண்டாவது முறை செய்தபோது மேசைகளைக் குறைத்துவிட்டு, ஒரு மூலையில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும் களத்தை மட்டும் அமைத்தேன். தரையில் வைக்கோல், அதன்மேல் ஒரு வேலைக்காரன் கம்பு, பக்கத்தில் கொத்தும் சுளகும். கொக்கி வைத்த அந்தக் கம்புதான் களத்தில் வைக்கோலைக் கிளறிக் கொடுக்கும், அதைத்தான் வேலைக்காரன் என்பார்கள். ஒரு ஐயா பாடிய அருவிவெட்டுப் பாட்டை, அதாவது நெல் அறுவடைப் பாட்டை, என் தொலைபேசியில் பதிந்து சின்ன ஒலிபெருக்கியில் விட்டேன். 'இந்தக் கம்பைத் தூக்கிப் பார்க்கலாம்' என்று மட்டும் எழுதி வைத்தேன். முதல் நாளே ஒரு தாத்தா அதைத் தூக்கினார், பேரனைக் கூப்பிட்டார், வைக்கோலுக்குள் கொக்கியை எப்படி விட்டுப் புரட்டுவது என்று காட்டத் தொடங்கினார். பேரன் பிழையாகச் செய்ய, கையைப் பிடித்துத் திருத்தினார். அரை மணித்தியாலம் அந்த மூலையை விட்டு இருவரும் அசையவில்லை. அதே கொத்து, அதே சுளகு. முதல் கண்காட்சியில் மேசைமேல் இருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காதவை.

எங்கே படிப்பது என்றும் கேட்டீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையில் தொல்லியல் படிப்பிக்கிறார்கள், அங்கே போய் ஒருவரைச் சந்தித்துப் பேசுங்கள். சர்வதேச நூதனசாலைகள் பேரவை 2022 ஓகஸ்ட்டில் பிராக் நகரில் நூதனசாலைக்குப் புது வரைவிலக்கணம் நிறைவேற்றியது. சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது என்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். வகுப்பில் வாசித்து விவாதிக்க ஏற்றது. கனடா நிறுவனத்தின் பாதுகாப்புக் குறிப்புகள் இணையத்தில் இலவசம்.

ஆனால் மிகப் பெரிய படிப்பு மற்றவர்களுடைய கண்காட்சியில் நின்று பார்ப்பது. வவுனியா தொல்பொருள் நூதனசாலை, யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலை, முடிந்தால் 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலை. போனால் சிலைகளைப் பார்ப்பதோடு பார்க்க வருபவர்களையும் பாருங்கள். ஒரு மூலையில் அரை மணித்தியாலம் நின்று, யார் எங்கே நிற்கிறார்கள், எந்த அட்டையை வாசிக்கிறார்கள், எதைக் கடந்துபோகிறார்கள் என்று அறையின் படத்தில் கோடு போடுங்கள். பத்துப் பேருக்குக் கோடு போட்டால் அந்த அறையில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று நீங்களே சொல்வீர்கள். உங்கள் கண்காட்சியிலும் இதையே செய்யுங்கள், திறப்பதற்கு முன்பே. அட்டைகளைக் கையால் பிறிஸ்டல் மட்டையில் எழுதி ஒட்டி, ஐந்தாறு பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டி, வெளியே வந்ததும் 'இது எதைப் பற்றியது?' என்று கேளுங்கள். உங்கள் வசனத்துக்குக் கிட்டவாவது பதில் வரவில்லை என்றால் அச்சடிக்காதீர்கள்.

மூன்று மாதத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசிக் கிழமை அறையை அமைக்க, அதற்கு முன் மூன்று கிழமை அச்சுக்கும் தச்சு வேலைக்கும், அதற்கு முன் ஒரு மாதம் அட்டை எழுதித் திருத்த. மிச்சமிருக்கும் முதல் மாதம் வசனத்துக்கும் வீட்டுக்கு வீடு போய்க் கதை கேட்கவும். அருவிவெட்டு நேரத்தில் திறக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள். காசில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள்.

முடிந்த பிறகு பொருட்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு முழுக் கிழமை வையுங்கள். பாடசாலைக்கு வந்து எடுத்துப் போகச் சொல்லாமல், வாங்கிய பிள்ளையே கொண்டுபோய்க் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்க வேண்டும். ட்ரங்குப் பெட்டியை நான்தான் கொண்டுபோனேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்தார், முருகன் படத்தைத் தடவினார். பிறகு "அந்த மட்டை எங்க தம்பி?" என்று கேட்டார். விளக்க அட்டையைத்தான் கேட்டார். பைக்குள் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, பெர்மிட்டுக்கு மேலே வைத்து, கம்பியை முறுக்கிக் கட்டினார்.